பனிச்சறுக்கத் தெரியாத குழுத் தலைவர்

நம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேரிடமும் என் அனுபவத்தைச் சொல்லுமாறு முதலாளி கேட்டுக்கொண்டார். இருபத்தாறு வருடம் கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு பனிச்சறுக்குப் பயணங்களுக்கு ஆள் அனுப்பியவன் நான். கைதேர்ந்தவர்களுக்கான கடினமான சரிவுகள் எந்த நாட்டில் எந்த மலையில் இருக்கின்றன, எந்த மாதம் எங்கே போகலாம், எங்கே போனால் எலும்பு மருத்துவர் பக்கத்தில் இருப்பார் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒன்றை மட்டும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குப் பனிச்சறுக்கத் தெரியாது.

நாற்பது வயதுவரை நான் பார்த்த பனி, ஜனவரிக் காலையில் ஏரியோரப் புல்லில் உப்புத் தூவியதுபோல் படிந்திருக்கும் உறைபனிதான். வெயில் வந்தால் அதுவும் போய்விடும். மற்றதெல்லாம் கையேடுகளில் படித்தது. ஆனால் தொலைபேசியை எடுத்துவிட்டால் நான் வேறு ஆள். “அந்தச் சரிவு எவ்வளவு செங்குத்தா இருக்கும் சார்?” என்று கேட்டால், “வட்டக்கானல்ல இருந்து டால்பின் நோஸுக்கு இறங்குற பாதை இருக்குல்லங்க, அதைத் தொடச்சு எண்ணெய் தடவி வெச்ச மாதிரி இருக்கும்” என்பேன். கேட்டவர்கள் மகிழ்ந்துபோவார்கள். நானே அதில் இறங்கி வந்தவன் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த நினைப்பை நான் திருத்தியதே இல்லை.

ஒருமுறை, ஊரைவிட்டுப் போன வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் தன் பழைய பனிச்சறுக்குப் பலகைகளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவரும் என்னை வீரன் என்றே நம்பியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அவற்றைத் தூக்கிக்கொண்டு பைன் காட்டுக்குப் போனேன். காய்ந்த பைன் இலைகள் எப்படி வழுக்கும் என்று கொடைக்கானல்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பலகைகளை மாட்டிக்கொண்டு நிற்கும்போது வனக்காவலர் ஒருவர் வந்துவிட்டார்.

“என்னண்ணே சோலி இது? கால்ல என்ன பலக?”

“பனிச்சறுக்குங்க. பிராக்டிஸ்.”

அவர் மேலே வானத்தைப் பார்த்தார், கீழே தரையைப் பார்த்தார். “பனி எங்கண்ணே?” என்றார்.

ஒரு தள்ளு தள்ளினேன். பத்தடி அருமையாகப் போனேன். திரும்புவது எப்படி என்பது கையேட்டில் அடுத்த பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நான் வந்துகொண்டிருந்தேன், மரம் நின்ற இடத்திலேயே நின்றது. வீட்டுக்குப் போனதும் என் மனைவி கேட்டாள்: “கோயிலுக்குப் போன மனுசன் எப்படிங்க முட்டி பேந்து வாராரு?” மறுநாள் அலுவலகத்தில், குளியலறையில் வழுக்கிவிட்டது என்று சொன்னேன். பிறகு பத்து வருடம் அந்தப் பலகைகள் வாடிக்கையாளர்கள் பார்க்கும்படி என் மேசைக்குப் பின்னால் சாய்ந்து நின்றன.

இந்த நடிப்பால் நான் செய்த முதல் பெரிய தவறு திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவர் விஷயத்தில். எவ்வளவு நன்றாகத் தெரியும் என்று கேட்டேன். “நான் அட்வான்ஸ்டு. ஈஸியா உள்ள எடமெல்லாம் வேணாம்” என்றார். தெரிந்தவன் என்றால் மேற்கொண்டு நாலு கேள்வி கேட்டிருப்பான். தெரிந்தவனாக நடிப்பவன் எப்படிக் கேட்பான்? கேள்வி கேட்டால் நமக்குத் தெரியாது என்பது வெளியே வந்துவிடுமே. தலையை ஆட்டிவிட்டு, எங்கள் பட்டியலிலேயே கொடுமையான மலைக்கு அனுப்பிவைத்தேன். அவர் அதற்குமுன் பனிச்சறுக்கியது தேனிலவின்போது மூன்று நாள். ஆறு நாளும் தினம் காலையில் உச்சிக்கு ஏறி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஏறிய கம்பிவட வண்டியிலேயே இறங்கியிருக்கிறார்.

திரும்பி வந்து என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. “தம்பி, நீங்க கேட்டீங்க, நான் ஏதோ சொன்னேன். நீங்க ஏன் அத நம்புனீங்க?” என்றார்.

அதிலிருந்து, எவ்வளவு நன்றாகத் தெரியும் என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. கடைசியாக எப்போது விழுந்தீர்கள் என்று கேட்பேன். நன்றாகத் தெரிந்தவர்கள் தாங்கள் விழுந்ததைக் கல்யாணக் கதைபோல் விரித்துச் சொல்வார்கள். “நான் விழுறதே இல்ல” என்பவரை மரியாதையாகக் குழந்தைகள் சறுக்கும் மேட்டுக்கு அனுப்பிவிடுவேன். இந்த ஒரு கேள்வியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

இனி, எனக்கு இன்றும் முழுதாகச் செரிக்காத ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு குளிர்காலத்தில் மூன்று பேர் குல்மார்க் போக எங்களிடம் பதிவு செய்தார்கள். மூவருக்கும் என் கேள்வியைப் போட்டேன். முதலாமவர் ஜெரால்டு, நாயுடுபுரத்தில் தங்கும் விடுதி நடத்துபவர், பல வருடம் கனடாவில் இருந்தவர். தோள்பட்டை எலும்பு, கணுக்கால், முன்பல் என்று எது எந்த மலையில் போனது என்பதைக் கால்மணி நேரம் சொன்னார். இரண்டாவது ராணி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பத்துப் பெண், சுவிட்சர்லாந்தின் மலையூர் ஒன்றில் செவிலியர். விடுமுறைக்கு வந்திருந்தாள். “விழுறதா? முந்தா வருசம் சரியான விழுகை ஒண்டு விழுந்தன் அண்ணே. நான் வேல செய்யிற ஆஸ்பத்திரிக்கே என்னைத் தூக்கிட்டு வந்தாங்க. வெக்கமாப் போச்சு” என்று சிரித்தாள். மூன்றாவது பாண்டி. பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்யும் குடும்பத்துப் பையன், ஜப்பானில் கணினி வேலை. “போன சீசன்ல லிஃப்ட்ல ஏறும்போதே விழுந்தேங்க” என்றான். மூவரும் தேறிவிட்டார்கள்.

கூடவே ஒரு குழுத் தலைவர் போக வேண்டும் என்று முதலாளி முடிவு செய்தார். பலகைகளோடு உட்கார்ந்திருப்பவனைத் தவிர வேறு யாரை அனுப்புவார்?

புறப்படுவதற்கு முந்தைய நாள், பாண்டியிடம் கையெழுத்து வாங்கப் பூம்பாறைக்குப் போனேன். அவன் அம்மா வாசலில் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தார். எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, மகன் உள்ளே போன நேரமாகப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“சார், அங்க என்னதான் பண்ணுவீக?”

“மேல இருந்து கீழ வழுக்கிட்டு வருவாங்கம்மா.”

“அதுக்கு இம்புட்டுத் தூரம் போகணுமாக்கும்? இந்தா, நம்ம வயக்காட்டு வரப்புல மழை பேஞ்சா வழுக்காதா?” ஒரு பூண்டை எடுத்துத் தோலுரித்துக்கொண்டே, “இவன் யாரு என்ன சொன்னாலும் தலையாட்டுற பய சார். முழுசாக் கொண்டாந்து சேத்துருங்க” என்றார்.

“நான் இருக்கேன்லம்மா” என்றேன். இந்தத் தொழிலில் நான் சொன்ன பொய்களில் மிகவும் கம்பீரமானது அதுதான்.

குல்மார்க்கில் எங்களுக்கு அமைந்த வழிகாட்டி உள்ளூர்க்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர், அதிகம் பேசாதவர். முதல் நாள் வாடகைக்கு எடுத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு நான் விந்தி விந்தி நடந்து வந்தேன். இந்த விளையாட்டே வலி நிறைந்தது போலும் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் என் காலைப் பார்த்தார். மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, என் முன்னால் குனிந்து, இடதையும் வலதையும் கழற்றி மாற்றிப் போட்டுவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அவர் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை, அவருக்கும் அது பிடிக்காது. ஆனால் எனக்கு இந்தத் தொழிலில் குரு என்று ஒருவர் உண்டென்றால் அவர்தான்.

இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. மேல்மலையை மூடிவிட்டார்கள். ஜெரால்டு அறைக்கும் சன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தால், துடைத்துவைத்த மாதிரி நீல வானம். மறுநாள் எங்களுக்கு ஊர் திரும்ப விமானம். இருந்தது அந்த ஒரு நாள்தான்.

உச்சிக்குப் போனோம். நானும் போனேன், தோளில் பலகைகளோடு. மேலே ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பது மலைக் காவலர்கள் சோதித்துத் திறந்துவிட்ட பெரிய சரிவு. அந்தப் பக்கம் யாரும் சோதிக்காத மலை. அதில் ஒரு குறுகிய பள்ளம், யார் காலும் படாமல், பாதாளம் மாதிரி இறங்கியது. ஜெரால்டு கனடாவிலிருந்த காலம் முதல் படத்தில் பார்த்துப் பார்த்து வைத்திருந்தது அந்தப் பள்ளத்தைத்தான்.

வழிகாட்டி கயிற்றுக்கு அப்பால் கொஞ்சம் தூரம் போய், பனியில் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, காற்று பனியை அள்ளிக்கொண்டுவந்து இந்தப் பள்ளத்தின் தலையில் குவித்திருக்கிறது, அடியில் பிடிப்பில்லை, ஆள் பாரம் பட்டால் மொத்தமாகச் சரிந்துவிடும், நாளை மறுநாள் பார்க்கலாம், இன்று வேண்டாம் என்றார். என் அரைகுறை இந்திக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள், வேறொரு குழுவைச் சேர்ந்த நான்கு பேர் எங்களைக் கடந்து, கயிற்றைத் தூக்கிக் குனிந்து அந்தப் பக்கம் போனார்கள்.

“பாத்தீங்களா பீட்டர் சார்? அவங்க போறாங்க. அவங்களுக்கு உசுரு இல்லையா?” என்றார் ஜெரால்டு.

“அவங்க கைடு வேறங்க. நம்மாளு வேணாங்கிறாரு.”

“லீடர் நீங்களா, அவரா?”

பலகைகளை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

“ஸ்கீயத் தோள்ல சொமந்துக்கிட்டே நிக்கிறீங்களே, ரெண்டு நாளா நீங்க அத மாட்டி நான் பாக்கலையே. மாட்டி அஞ்சடி வாங்க. வந்துட்டு வேணாம்னு சொல்லுங்க. அப்பக் கேக்குறேன்.”

இங்கேதான் கவனிக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் தெரியாதவன் என்று ஆகிவிடும். “சரி, போங்க” என்று சொன்னால் மலையெல்லாம் கண்ட பழைய புலி என்று ஆகிவிடும். பயத்தில் அல்ல, வெறும் மானப் பிரச்சினையில், “சரி” என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உண்மையாகவே வந்துவிட்டது. மூன்று உயிர்கள் ஒரு பக்கம், பத்து வருடமாக மேசைக்குப் பின்னால் சாய்த்துவைத்த இரண்டு பலகைகள் ஒரு பக்கம். தராசு பலகைகள் பக்கம்தான் சாய்ந்தது.

அப்போது பாண்டி என் கண்ணில் பட்டான். குனிந்து பூட்ஸின் கொக்கிகளை இறுக்கிக்கொண்டிருந்தான். அவன் பள்ளத்தைப் பார்க்கவில்லை. குழியைப் பார்க்கவில்லை. ஜெரால்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு ஸ்கீயிங் தெரியாதுங்க” என்றேன்.

ஜெரால்டு கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“சுத்தமாத் தெரியாது. இத மாட்டிக்கிட்டு ஒரே ஒரு தடவ போயிருக்கேன், அதுவும் நம்ம பைன் காட்டுல. மரத்துல மோதி முட்டி பேந்ததுதான் மிச்சம். தெரிஞ்ச மனுசன் வேணாங்கிறாரு. தெரியாத நான் போங்கன்னு எப்படிங்க சொல்ல?”

ராணி பின்னால் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நான் இந்தப் பக்கமே போறன். திங்கக்கெழம டியூட்டி இருக்கு எனக்கு. இன்னொரு தடவ எங்கட ஆஸ்பத்திரியில போய்ப் படுக்க ஏலாது” என்றாள்.

“நீங்க போனா என்னால தடுக்க முடியாது ஜெரால்டு சார்” என்றேன். “ஆனா பாண்டி வரமாட்டான்.”

பாண்டி நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் வந்தது நிம்மதி என்று நான் எடுத்துக்கொண்டேன். ஏமாற்றமாகவும் இருந்திருக்கலாம்.

ஜெரால்டு ஒரு கைக்கோலை ஓங்கிப் பனியில் குத்தினார். “ஒங்கள மாதிரி ஆளுக பின்னாடி வந்தேன் பாருங்க” என்றார். பிறகு திறந்திருந்த சரிவில், கோபத்தோடு, அவ்வளவு அழகாக இறங்கிப் போனார். அவர் அந்தப் பள்ளத்துக்குத் தகுதியானவர்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன். தகுதி இல்லாதவனைத் தடுப்பது சுலபம்.

நான் பலகைகளைத் தூக்கிக்கொண்டு கம்பிவட வண்டியில் கீழே வந்தேன். நடுவழி நிலையத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் அந்தப் பள்ளம் முழுதாகத் தெரியும். மூவரோடும் சறுக்கி இறங்கி எனக்கு முன்பே அங்கே வந்திருந்த வழிகாட்டியின் தொலைநோக்கியை வாங்கிக்கொண்டு பார்த்தேன். கயிற்றைத் தாண்டிப் போன நான்கு பேர் பள்ளத்தின் தலைக்கு நடந்து சேர்ந்து, அப்போதுதான் இறங்க ஆரம்பித்திருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, வெள்ளைத் துணியில் நான்கு கோடு இழுத்ததுபோல் வளைந்து வளைந்து வந்தார்கள். பனி அசையவில்லை.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சரியும், இப்போது சரியும் என்று. கொஞ்சம் சரிந்தால் போதும், ஓரமாகச் சரிந்தால் போதும், ஜெரால்டின் கண்ணில் படும்படி சரிந்தால் போதும். தேநீர் ஆறிப்போனது. நான்கு பேரில் கடைசியாக வந்தது ஒரு பெண், சிவப்புத் தொப்பி. பாதிச் சரிவில் நின்று மேலே திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். அப்போதுதான் நான் என்ன வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. நான் சொன்னது சரி என்று ஆவதற்காக, அந்தப் பெண்ணின் தலைமேல் மலையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன்.

தொலைநோக்கியைக் கீழே வைத்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த வழிகாட்டி, “சரியவில்லை, இல்லையா?” என்றார்.

“இல்லை.”

“நல்லது” என்றார். பிறகு, “ஆரம்பத்தில் நானும் அந்த நாற்காலியில்தான் உட்காருவேன்” என்றார். அப்போதுதான் கவனித்தேன். அவர் பள்ளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எனக்குப் புதிதாக ஒரு தேநீர் சொன்னார். அவ்வளவுதான் பேச்சு.

நீங்கள் சரியாக எடுக்கும் முடிவுகளில் முக்கால்வாசிக்குச் சாட்சி கிடைக்காது. தடுத்த விபத்து கண்ணுக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொன்ன நீங்கள்தான் தெரிவீர்கள். இதைத் தாங்க முடியாதவர்கள் வேறு பிரிவுக்குப் போய்விடுவது நல்லது. உல்லாசப் படகுப் பயணங்களுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன்.

ஊர் திரும்பிய வாரத்திலேயே ஜெரால்டின் புகார்க் கடிதம் வந்தது. இரண்டு பக்கம், அழகான ஆங்கிலம். பனிச்சறுக்கே தெரியாத ஆளைத் தலைவராக அனுப்பியது மோசடி என்று எழுதியிருந்தார். அதில் ஒரு வரியைக்கூட மறுக்க முடியவில்லை. முதலாளி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பனி சரிஞ்சுச்சா?”

“இல்லீங்க.”

“ச்ச!” என்றார். “கொஞ்சம் சரிஞ்சிருந்தாலும் பதில் எழுத வசதியா இருந்திருக்கும்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேங்க. அப்புறம் வெக்கமாப் போச்சு.”

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, உள்ளூர் அறை முன்பதிவு மேசைக்கு மாற்றினார். பலகைகளை அலுவலகக் கிடங்கில் போடச் சொன்னேன். பூம்பாறையிலிருந்து பாண்டியின் அம்மா ஒரு பை நிறைய மலைப்பூண்டோடு அலுவலகத்துக்கே வந்தார். பையன் என்ன சொன்னான் என்று கேட்டேன். “சும்மா பனியப் பாத்துட்டு வந்தேன்னான். இதுக்கா அம்புட்டுத் தூரம்?” என்றார்.

அடுத்த குளிர்காலம் தொடங்கும்போது, ஒரு மதிய நேரம் முன்பதிவு மேசையில் தொலைபேசி அடித்தது. ஜெரால்டு. குரல் கேட்டதுமே எழுந்து நின்றுவிட்டேன்.

“பீட்டர் சார், நல்லாருக்கீங்களா? ஜனவரில குல்மார்க் போகணும்.”

“பனிச்சறுக்குப் பிரிவுல வேற தம்பி இருக்காருங்க, நல்லா ஸ்கீ பண்ணுவாரு. இணைப்புக் குடுக்குறேன்.”

“இருங்க, இருங்க. குடுக்காதீங்க.” மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. “இந்தத் தடவ எம் மகளும் வர்றா. பத்தொம்பது வயசு. என்னைவிட நல்லாப் பண்ணுவா. நான் சொன்னாக் கேக்க மாட்டா.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “லீடரா நீங்க வருவீங்கல்ல?”

தேதி பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நாட்குறிப்பைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அவருக்குக் கேட்கும்படி பக்கங்களைப் புரட்டினேன். ஜனவரி முழுக்க வெள்ளையாகக் கிடந்தது.